ஒன்பதாம் எண் மூட்டை

அசுன்சியோனில் ஜனவரி.
மின்விசிறி சுற்றுவதாகப் பேர்.
ஆவணக் காப்பகத்தின் பின்னறையில்
எதிரியின் தபாலைப் பிரிக்கிறேன்,
தொண்ணூறு ஆண்டுகள் தாமதமாக.

பிடிபட்ட மூட்டை. ரசீது இணைப்பில் உள்ளது,
எங்கள் ஆள் ஒருவன் எழுதியது:
"இறந்தவனிடம் முதலில் குடுவையைத் தேடினோம்.
காலி. பிறகு இதை எடுத்தோம்."
கரையான் தின்றது போக
கடிதங்கள் இருநூற்றுப் பதினேழு.

செய்தித்தாள்கள் எளிது.
ஒரே தேதி, இரண்டு தலைநகரம்.
லா பாஸ் தாளில் சான் தெல்மோ கோட்டை அவர்கள் கையில்,
எங்கள் தாளில் எங்கள் கையில்.
கோட்டை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்:
நான்கு குடிசை, ஒரு கிணறு,
கிணற்றுக்குள் செத்த கோவேறு கழுதை.
இரண்டு தாளும் ஒத்துப்போவது
மூன்றாம் பக்கத் தலைவலித் தைல விளம்பரத்தில் மட்டும்.

தண்ணீர் லாரிப் பேரேடு.
வண்டி பதினான்கு. ஏற்றியது எண்ணூறு லிட்டர்,
இறக்கியது முந்நூற்றுப் பத்து.
குறிப்பு: மீதியை ரேடியேட்டர் குடித்தது.
அதன் கீழே வேறு மையில் ஓர் அதிகாரி:
"இனிமேல் ரேடியேட்டர் சிக்கனமாகக் குடிக்கவும்."
சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசை எர்மெலிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

கடிதங்கள்தான் கஷ்டம்.
அடியில் விதவிதமான பெருவிரல் ரேகைகள்.
எழுத்து மட்டும் ஒரே ஆளுடையது.
கார்ப்பரல் அபெல் செந்தேனோ,
போருக்கு முன் கொச்சபம்பாவில் பத்திரம் எழுதியவன்.
மலைக்காரர்கள் அய்மாராவில் சொல்லச் சொல்ல
ஸ்பானிஷில் இறக்கியிருக்கிறான்.
எல்லாருக்கும் ஒரே தொடக்கம்:
"நலம். தங்கள் நலம் அறிய அவா."
தேதி, சாட்சி, இடம்.
இடத்தைத் தணிக்கைக்காரன் பிளேடால் வெட்டிவிட்டான்.
அந்தச் சின்ன ஜன்னல் வழியே
என் மேசை தெரிகிறது.

செந்தேனோவிடம் இருந்தது காப்பிங் பென்சில்.
நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா,
தொடாவிட்டால் சாம்பல்.
மே மாதக் கடிதங்கள் நாவல்பழம் தின்ற வாய் போல.
ஜூலையில் வரிக்கு ஒரு சொல் ஊதா.
செப்டம்பர்
முழுக்கச் சாம்பல்,
"இங்கே தண்ணீருக்குக் குறைவில்லை"
என்ற வரி உட்பட.

கடிதம் நூற்று நாற்பது.
இலாரியோன் சாம்பி, ஓரூரோவுக்கு மேற்கே ஒரு மலைச்சரிவு.
மனைவி தொமாசாவுக்கு.
நலம், அவா, எல்லாம் முடிந்தபின் சட்டென்று:
"வாய்க்காலில் நம் முறை செவ்வாய்க்கிழமை.
மச்சான் கேட்டால் விட்டுக்கொடுக்காதே.
கேட்காமலே மடையைத் திறந்தால்
என் பேரைச் சொல்லிக் கத்து.
விடியுமுன் போய் நில்."

பத்திர எழுத்தனின் நடையில்லை இது.
சொன்னதைச் சொன்னபடியே விட்டிருக்கிறான் செந்தேனோ.
மரியாதையோ,
திருத்தத் தெம்பில்லையோ.

பட்டியலில் ஏற்றக் குனிந்தேன்.
என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு.
உறிஞ்சுதாளைத் தேடி எடுப்பதற்குள்
செவ்வாய் ஊதாவாகிவிட்டது.
அந்த ஒரு சொல் மட்டும்,
இப்போதுதான் எழுதிக் கையெடுத்தது போல,
விளிம்பில் இன்னும் பரவியபடி.

காப்பக விதிப்படி எழுதவேண்டும்.
சேதம்: ஒரு சொல்.
காரணம்: ஈரம்.
பொறுப்பு: என் கையெழுத்து.

"இன்றைக்கு என்ன கிழமை?" என்றேன்.
வியாழன் என்றாள் எர்மெலிந்தா,
தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தியபடி.
வராந்தாவுக்குப் போய்க் குடித்தேன்.
இந்த அறைக்குள் குடிக்கக்கூடாது. அதுவும் விதிதான்.

திரும்பி வந்தபோது மின்விசிறி நின்றிருந்தது.
இன்னும் எழுபத்தேழு கடிதங்கள், அத்தனையும் சாம்பல்.
கைக்குட்டையை எடுத்தேன்.
உடனே துடைத்துக்கொள்ளவில்லை.